பீட் மில்லுல கரண்ட்ட வீணாக்காம நைசா அரைக்கிறது எப்படி: புதுசா வந்தவங்களுக்கு

பெயிண்ட், இங்க், பூச்சிமருந்து, பேப்பர் கோட்டிங், செராமிக்னு எந்த லைனுக்குப் போனாலும், 10 மைக்ரானுக்குக் கீழ (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) ஈரமா அரைக்கணும்னா கடைசில ஒரு பீட் மில் முன்னாடிதான் வந்து நிப்பீங்க. நடுவுல ஒரு ஷாஃப்ட், அதுல டிஸ்க்கோ பின்னோ, சுத்தி பீட்ஸ்னு குட்டிக் குட்டி உருண்டைங்க, பீட்ஸுக்கு நடுவுல ஸ்லரி, அதாவது பவுடர் கலந்த கூழ். ஷாஃப்ட் சுத்துறப்ப பீட்ஸ் ஒண்ணோட ஒண்ணு மோதுது, நடுவுல மாட்டுற துகள் உடையுது. மெஷின் அவ்ளோதான். ஆனா இதுல எந்தத் திருகை எவ்ளோ திருப்புறதுன்னு யாரும் உக்காத்தி வச்சுச் சொல்லித் தர்றதில்ல, "ஸ்பீட ஏத்து, இன்னும் ரெண்டு மணி நேரம் ஓட்டு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, பாதி இடத்துல கரண்ட் பில் ஏறுறதுக்குக் காரணமே இந்த ஒரு பழக்கம்தான். அதனால நான் பார்த்துச் செய்யுற வரிசையிலயே சொல்றேன். உதாரணத்துக்கு சுண்ணாம்புக்கல் பவுடர், அதாவது கால்சியம் கார்பனேட்ட, 20 லிட்டர் ஹாரிசாண்டல் மில்லுல தண்ணியோட அரைக்கிறதா வச்சுக்குவோம். மத்த மெட்டீரியலுக்கும் யோசிக்கிற முறை இதேதான், நம்பர் மட்டும் மாறும்.

முதல்ல, டிரம் சுத்துற சாதா பால் மில் இருக்கப்ப இது எதுக்குன்னு தெரிஞ்சுக்கணும். டிரம்முல பால் மேல ஏறி கீழ விழுறதுதான் அடி, அந்த அடிய குடுக்குறது புவியீர்ப்பு, நீங்க இல்ல. நைசா அரைக்கணும்னு பால சின்னதாக்குனா வெயிட்டு இல்லாம அடி செத்துப்போகும், சரி ஸ்பீட கூட்டுவோம்னா ஒரு கட்டத்துக்கு மேல பால் எல்லாம் டிரம் சுவத்தோட ஒட்டிக்கிட்டு சும்மா சுத்தும். ஷாஃப்ட் வச்ச மில்லுல அந்தத் தடை கிடையாது, 1 மில்லிமீட்டர் பீட், அரை மில்லிமீட்டர் பீட்னு இறங்கினாலும் வேகத்த ஷாஃப்ட் குடுத்துடும். ஆஸ்திரேலியாவுல மவுண்ட் ஐசா சுரங்கக்காரங்க 1990கள்ல ஜெர்மனியோட நெட்ஸ்ச் கம்பெனியோட சேர்ந்து ஐசாமில்ல உருவாக்குனது இதுக்காகத்தான். அங்க ஈய, துத்தநாகத் தாதுல மணிகள் ரொம்பப் பொடியா பின்னிக் கிடக்கும். மெக்ஆர்தர் ரிவர் தாதுவ 80 சதவீதம் 7 மைக்ரானுக்குக் கீழ வர்ற அளவுக்கு அரைச்சாதான் பிரிக்கவே முடியும், டிரம் பால் மில்லுல அத செய்யப் போனா கரண்ட் செலவு தாங்காது.

சரி, இப்ப மனசுல வச்சுக்க வேண்டியது ரெண்டே விஷயம். ஒவ்வொரு மோதலும் எவ்ளோ பலமா விழுது, மொத்தம் எத்தன மோதல் விழுது. கீழ சொல்லப்போற பீட் சைஸ், ஸ்பீடு, ஃபில்லிங் (எவ்ளோ பீட் போடுறோம்), விஸ்காசிட்டி (ஸ்லரியோட கெட்டித்தன்மை) எல்லாமே இந்த ரெண்டுல ஒண்ணத்தான் மாத்துது. துகள உடைக்கப் போதாத அடி எத்தன லட்சம் விழுந்தாலும் பிரயோஜனம் இல்ல, தேவைக்கு மேல விழுற அடி சூடாவும் பீட் தேய்மானமாவும் போயிடும். ஜெர்மனில பிரவுன்ஷ்வைக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டில ஆர்னோ க்வாடே இத ஒரு எளிய கணக்காவே ஆக்கிக் குடுத்தாரு: பீட் விட்டத்தோட மூணாவது அடுக்கு, பீட் அடர்த்தி, டிப் ஸ்பீடோட (டிஸ்க்கோட விளிம்பு வேகம்) வர்க்கம், மூணையும் பெருக்குனா ஒரு அடியோட பலத்துக்கு ஒரு நம்பர் கிடைக்கும். இந்த நம்பர கையில வச்சுக்காம பீட் மில்லத் தொடவே கூடாதுங்கிறது என் அபிப்ராயம்.

படி 1: அளக்க ஆரம்பிங்க

எதையும் மாத்துறதுக்கு முன்னாடி மில் எவ்ளோ பவர் இழுக்குதுன்னு தெரியணும். ஆம்ப்ஸ் மட்டும் பார்க்காதீங்க, விஎஃப்டி (மோட்டார் ஸ்பீட மாத்துற பெட்டி) டிஸ்ப்ளேல கிலோவாட் காட்டும், இல்லன்னா பேனல்ல ஒரு எனர்ஜி மீட்டர் போடச் சொல்லுங்க. பீட்ஸ் போடாம, சேம்பர்ல (பீட்ஸ் இருக்குற உருளைல) தண்ணி ஓடவிட்டு, ஒவ்வொரு ஸ்பீடுலயும் எவ்ளோ இழுக்குதுன்னு ஒரு தடவ எழுதி வச்சுக்குங்க. அது பேரிங், சீல், பெல்ட்டு எல்லாம் தின்னுற பவர். பேட்ச் ஓடுறப்ப வர்ற பவர்ல இருந்து இதக் கழிச்சா மிச்சம்தான் பீட்ஸுக்குப் போறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஓடுறப்ப 18 கிலோவாட், வெறுமன 3 கிலோவாட், அப்ப நெட் 15. 4 மணி நேரம் ஓட்டினா 60 கிலோவாட் மணி, பேட்ச்ல உலர்ந்த பவுடர் 500 கிலோன்னா டன்னுக்கு 120 கிலோவாட் மணி. இனிமே ரெண்டு பேட்ச ஒப்பிடுறப்ப மணிக்கணக்க விட்டுட்டு இந்த நம்பர வச்சு ஒப்பிடுங்க. "நேத்து 4 மணி நேரத்துல 2 மைக்ரான் வந்துச்சு, இன்னிக்கு வரல"ன்னு பேசுறதுல அர்த்தமே இல்ல, நேத்து போன எனர்ஜி இன்னிக்குப் போச்சான்னு பார்த்தாதான் பிரச்சனை மில்லுலயா மெட்டீரியல்லயான்னு தெரியும்.

படி 2: உள்ள போறது என்ன சைஸ்னு பாருங்க

சராசரி சைஸ்ஸ விட பெரிய துகள்தான் முக்கியம். பீட்டு துகளோட பெரிய சைஸ விட 10ல இருந்து 20 மடங்காவது பெருசா இருக்கணும்னு பொதுவா ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, அப்படின்னா 1 மில்லிமீட்டர் பீட் போடணும்னா உள்ள வர்றது 50ல இருந்து 100 மைக்ரானுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல உள்ளதெல்லாம் அடி வாங்கியும் உடையாம சுத்திட்டே இருக்கும், வெளிய போற வழில பீட்ட தடுக்குற ஸ்கிரீன்ல போய் ஒட்டும். பிரீமிக்ஸ் டேங்க்ல, அதாவது மில்லுக்கு முன்னாடி கலக்குற தொட்டில, ஹை ஸ்பீடு டிஸ்பர்சர்ல கட்டி எல்லாம் ஒழுங்கா உடைஞ்சு பவுடர் நனைஞ்சிருக்கான்னு பார்த்து, ஒரு வலை வழியா வடிகட்டி அனுப்புங்க. இங்க இருபது நிமிஷம் கூடப் போனா பரவால்ல, மில்லுல அதுக்குப் பல மடங்கு மிச்சமாகும்.

படி 3: பீட்ஸ தேர்ந்தெடுக்கிறது, இதுலதான் பாதி ஆட்டம்

அந்த பலக் கணக்க இப்ப எடுங்க. இட்ரியம் கலந்த சிர்கோனியா பீட், அடர்த்தி தண்ணிய விட 6 மடங்கு, விட்டம் 1 மில்லிமீட்டர், டிப் ஸ்பீடு வினாடிக்கு 10 மீட்டர்னா கணக்குல வர்றது 0.6 மில்லிஜூல். அதே சிர்கோனியாவ அரை மில்லிமீட்டராக்குனா 0.075, எட்டுல ஒரு பங்கு. 1 மில்லிமீட்டர் கண்ணாடி பீட்டுக்கு (அடர்த்தி 2.5 மடங்கு) 0.25. சைஸ் மாறுனா எவ்ளோ பயங்கரமா மாறுதுன்னு பார்த்தீங்களா, ஸ்பீட 10ல இருந்து 12 ஆக்குனா கூட 1.44 மடங்குதான் ஏறும். அதனால அடியோட பலத்த மாத்தணும்னா முதல்ல கை வைக்க வேண்டியது பீட் சைஸுலதான்.

இன்னொரு பக்கம், சைஸ பாதியாக்குனா அதே இடத்துல எட்டு மடங்கு பீட் பிடிக்கும், 1 மில்லிமீட்டர் பீட்டே ஒரு லிட்டர்ல 11 லட்சத்துக்கு மேல இருக்கும், அரை மில்லிமீட்டர்னா 90 லட்சத்த தாண்டிடும், மோதலோட எண்ணிக்கை அந்த அளவுக்கு எகிறும். அதனால முடிவு இதுதான்: உங்க பெரிய துகள உடைக்கப் போதுமான பலம் இருக்குற வரைக்கும் எவ்ளோ சின்ன பீட் போட முடியுமோ அவ்ளோ சின்னது போடுங்க. எவ்ளோ நைசா வேணுமோ, அதுக்குத் தோதான பலமும் கம்மியாகிட்டே போகும், அதான் 5 மைக்ரானுக்கு நல்லா வேலை செஞ்ச பீட்டு 1 மைக்ரானுக்குக் கரண்ட்ட குடிக்குது. பெரிய வித்தியாசம் இருந்தா ரெண்டு மில்லா பிரிச்சிடுங்க, முதல் மில்லுல பெரிய பீட், ரெண்டாவதுல சின்னது.

மெட்டீரியல் விஷயத்துல சிர்கோனியா விலை கண்ண கட்டும், ஆனா தேய்மானம் ரொம்பக் கம்மி. சுண்ணாம்புக்கல் மாதிரி மிருதுவானதுக்கு அடர்த்தி 4 மடங்கு வர்ற சிர்கோனியம் சிலிகேட்டே பல இடத்துல போதும். கறுப்பு இங்குக்கு ஸ்டீல் பீட் ஓடும், வெள்ளைக்குப் போட்டா கலர் போச்சு. அடர்த்தி, கடினம் ரெண்டும் உங்க மெட்டீரியலோட ஒத்துப்போகுதான்னு பாருங்க, குவார்ட்ஸ் மாதிரி கடினமானத கண்ணாடி பீட்ல அரைக்கப் போனா பீட்டுதான் அரைபடும்.

ஸ்கிரீன மறந்துடாதீங்க. ஸ்கிரீன் கேப்பு பீட் சைஸுல மூணுல ஒண்ணு, அதிகபட்சம் பாதிக்குள்ள இருக்கணும். பீட்ட மட்டும் சின்னதா மாத்திட்டு பழைய ஸ்கிரீன விட்டா தேஞ்ச பீட் எல்லாம் ப்ராடக்ட் டிரம்முல வந்து நிக்கும்.

போட்டதுக்கு அப்புறம் பீட்டப் பார்த்துட்டே இருக்கணும். அப்பப்போ ஒரு கைப்பிடி எடுத்து, நல்லாக் கழுவி, காய வச்சு, கறுப்புத் தாள்ல பரப்பி பத்து மடங்கு லென்ஸ்ல பாருங்க. நல்ல பீட் வழவழன்னு மினுங்கி உருண்டையா இருக்கும். ஒரு பக்கம் தட்டையா தேஞ்சது, பாதி நிலா மாதிரி உடைஞ்சது, மினுக்கம் போய் சொரசொரன்னு ஆனது இதெல்லாம் தெரிஞ்சா சல்லடைல சலிச்சு ஸ்கிரீன் கேப்போட ஒன்றரை மடங்குக்குக் கீழ போனத எல்லாம் தூக்கிப் போட்டுடுங்க. உடைஞ்ச ஒரு துண்டு பத்து நல்ல பீட்ட உடைக்கும்.

படி 4: எவ்ளோ போடுறது

ஹாரிசாண்டல் மில்லுக்கு சேம்பர் கொள்ளளவுல 80 சதவீதம் பீட்ஸ்ல ஆரம்பிங்க, இது பீட்ஸ கொட்டி அளக்குற அளவு, நடுவுல இருக்குற காத்து இடைவெளியும் சேர்த்து. 20 லிட்டர் மில்லுன்னா 16 லிட்டர். எத்தன கிலோன்னு தெரியணும்னா 1 லிட்டர் ஜாடில அந்த பீட்ட தட்டி நிரப்பி எடை போடுங்க, சிர்கோனியான்னா 3.6, 3.7 கிலோ வரும், அப்ப மொத்தம் 58 கிலோ பக்கம். 70க்குக் கீழ இறங்குனா பீட்டுக்கு நடுவுல இடம் அதிகமாகி துகள் அடி வாங்காமலே நழுவிப் போயிடும். 85க்கு மேல ஏத்துனா பீட்ஸ் நகர இடமில்லாம ஒண்ணோட ஒண்ணு உரசி சூடுதான் ஏறும், டிஸ்க்கும் உள்சுவரும் தேயும்.

ஒரே ஸ்பீடு, ஒரே ஸ்லரி, ஆனா நெட் பவர் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா இறங்குதுன்னா பீட் தேஞ்சு அளவு குறையுதுன்னு அர்த்தம். பழைய பவர் வர்ற வரைக்கும் புது பீட்ட சேர்த்து நிரப்புங்க. படி 1ல எழுதி வச்சது இங்க கை குடுக்கும்.

படி 5: ஸ்பீடு

ஆர்பிஎம்ம மட்டும் சொல்லி மில்ல ஒப்பிட முடியாது, டிஸ்க்கோட விளிம்பு வேகம்தான் கணக்கு. 20 சென்டிமீட்டர் டிஸ்க் 1000 ஆர்பிஎம்ல சுத்துனா வினாடிக்கு 10.5 மீட்டர். இந்த மாதிரி மில்லுக்கு 8ல இருந்து 15 வரைக்கும் ஓட்டுவாங்க, நிமிர்ந்து நிக்கிற அட்ரிட்டர்ங்கிற மில்லெல்லாம் இத விட ரொம்ப மெதுவா 3ல இருந்து 5க்குள்ள ஓடும். 10 பக்கம் ஆரம்பிங்க. ஸ்லரி தண்ணியா இருந்தா பவர் கிட்டத்தட்ட ஸ்பீடோட மூணாவது அடுக்குல ஏறும், 20 சதவீதம் ஏத்துனா 70 சதவீதத்துக்கு மேல பவர் கூடிடும். வேலை சீக்கிரம் முடியும்தான், ஆனா அந்த அடி துகளுக்குத் தேவையா இல்லையாங்கிறத டன்னுக்கு எத்தன கிலோவாட் மணின்னு பார்த்துதான் முடிவு பண்ணணும். டெலிவரி அவசரம்னா ஏத்துங்க, தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம்.

படி 6: ஸ்லரி

என்னைக் கேட்டா புதுசா வர்றவங்க ரொம்பக் கம்மியா கவனிக்கிறதும், ரொம்ப அதிகமா பலன் தர்றதும் இதுதான். வீட்டு கிரைண்டர்ல மாவாட்டுறப்ப தண்ணி பத்தலன்னா கல்லு திணறும், அதிகமாப் போச்சுன்னா அரிசி ஓரமா ஒதுங்கி நைசாகாது, இங்கயும் அப்படித்தான். சாலிட்ஸ் (ஸ்லரி எடைல பவுடரோட பங்கு) கம்மியா இருந்தா பீட்டுக்கு நடுவுல துகளே மாட்டாம பீட்டும் பீட்டும் மோதி தேயுது. அதிகமா இருந்தா ஸ்லரி கெட்டியாகி பீட்டோட வேகத்த அப்படியே முழுங்கிடுது, மோதுறதுக்கு முன்னாடியே அடி மெத்துன்னு ஆயிடுது. சின்ன பீட்டுக்கு இந்தப் பாதிப்பு ரொம்ப ஜாஸ்தி, ஏன்னா அதுகிட்ட எடையே இல்ல, அதனால பீட்ட சின்னதாக்குறப்ப விஸ்காசிட்டியையும் சேர்த்துக் கீழ இறக்கணும்.

சுண்ணாம்புக்கல்லுக்கு 60 சதவீத சாலிட்ஸ்ல ஆரம்பிக்கலாம், நல்ல டிஸ்பர்சன்ட் (துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பிரிச்சு வைக்கிற கெமிக்கல்) போட்டா 70 தாண்டியும் ஓடும். சோடியம் பாலிஅக்ரிலேட்டுதான் இதுக்கு வழக்கமா போடுறது. அது ஏன் வேணும்னா, துகள் சின்னதாக ஆக மேற்பரப்பு கூடுது: 10 மைக்ரான் சுண்ணாம்புத் துகள்னா கிராமுக்கு 0.22 சதுர மீட்டர், 1 மைக்ரான்னா 2.2, பத்து மடங்கு. ஆரம்பத்துல போட்ட டிஸ்பர்சன்ட் பழைய மேற்பரப்புக்குத்தான் போதும், உடைஞ்சு வர்ற புது முகத்துக்குப் போத்திக்க ஒண்ணும் இல்லாம துகள் எல்லாம் திரும்ப ஒட்டிக்கும். நீங்க அரைக்க அரைக்க ஸ்லரி தயிர் பக்குவத்துக்கு வந்து நிக்கிறது இதனாலதான். மொத்தத்தையும் முதல்லயே கொட்டாம, பாதிய பிரீமிக்ஸ்ல போட்டு, மிச்சத்த ஓட்டத்துக்கு நடுவுல ரெண்டு மூணு தடவையா சேருங்க, ஒவ்வொரு தடவையும் விஸ்காசிட்டி இறங்குதான்னு பாருங்க. சேர்த்தும் இறங்கலன்னா இல்ல ஏறுச்சுன்னா அளவு தாண்டியாச்சு, நிறுத்திக்குங்க.

நுரையும் ஒரு எதிரி. காத்து கலந்த ஸ்லரி மெத்தை மாதிரி, பவர் திடீர்னு இறங்கும். ரிட்டர்ன் பைப்ப டேங்க்ல ஸ்லரி மட்டத்துக்குக் கீழ முக்கி விடுங்க, அதுலயே பாதி நுரை போயிடும்.

படி 7: பம்பு, எத்தன தடவ சுத்துது

இதுல பழைய ஆளுங்களே "மெதுவா விட்டாதான் நல்லா அரையும்"னு நினைப்பாங்க. ஒரே ஒரு பாஸ்ல அரைச்சு வெளிய எடுக்குறப்ப அது சரி. ஆனா டேங்க்ல இருந்து எடுத்து டேங்க்குக்கே திருப்பி விடுற ஓட்டத்துல கதையே வேற. நம்ம பேட்ச் 500 கிலோ பவுடர் 60 சதவீத சாலிட்ஸ்னா ஸ்லரி 830 கிலோ, அதாவது 520 லிட்டர் பக்கம். பம்பு மணிக்கு 200 லிட்டர்னு வச்சு 4 மணி நேரம் ஓட்டுனா ஒன்றரை சுத்துதான் வருது, டேங்க் நல்லாக் கலங்குதுன்னே வச்சுக்கிட்டாலும் 20 சதவீதத்துக்கு மேல மில்லுக்குள்ளயே போயிருக்காது. பெரிய துகள் எல்லாம் டேங்க்லயே நிம்மதியா இருக்கும், ஹெக்மன் கேஜுல (பெரிய துகள் இருக்கான்னு ஸ்லரிய இழுத்துப் பார்க்குற, பள்ளம் வெட்டுன ஸ்டீல் கட்டை) இழுத்தா கோடு கோடா காட்டிக் குடுத்துடும். அதே பம்ப மணிக்கு 1000 லிட்டர் ஆக்குங்க, எட்டு சுத்துக்குப் பக்கத்துல வரும், மில்லப் பார்க்காத பங்கு ஆயிரத்துல ஒண்ணு கூட இருக்காது. போன எனர்ஜி அதேதான், ஆனா சைஸ் எல்லாம் ஒண்ணு சேர்ந்து வரும்.

அதுக்காக கண்ண மூடிட்டு ஏத்தக் கூடாது. ஓட்டம் அதிகமானா பீட்ஸ் எல்லாம் அடிச்சுட்டுப் போய் ஸ்கிரீன் பக்கம் குவிஞ்சிடும், பிரஷர் கேஜ் முள்ளு மெல்ல மெல்ல ஏற ஆரம்பிக்கும், அவுட்லெட் பக்கம் சேம்பர் சூடாகும், சத்தமும் மாறி கரகரன்னு இறுகிக் கேக்கும். அது தெரிஞ்ச உடனே பம்ப இறக்குங்க. ஸ்டார்ட் பண்றப்பவும் கூலிங் தண்ணி, சீல் பிரஷர் ரெண்டும் வந்தாச்சான்னு பார்த்து, சேம்பர்ல ஸ்லரி நிறைஞ்சிருக்கான்னு உறுதி பண்ணி, ஷாஃப்ட்ட மெதுவா சுத்த விட்டு, அப்புறமா பம்ப படிப்படியா ஏத்துங்க. ஸ்லரி இல்லாம உலர்ந்த பீட்ட ஒரு நிமிஷம் கூட சுத்த விடாதீங்க, சீலும் பீட்டும் ஒண்ணா போயிடும்.

படி 8: சூடு

பீட்ஸுக்குப் போற பவர் கிட்டத்தட்ட முழுசும் கடைசில சூடாத்தான் வருது, துகள உடைக்கப் போறது அதுல ரொம்பச் சின்னப் பங்கு. நம்ம 15 கிலோவாட் மில்லுல கூலிங் இல்லன்னா அந்த 830 கிலோ ஸ்லரி மணிக்கு 30 டிகிரி ஏறும், மூணு மணி நேரத்துல கொதி நிலைக்குப் போயிடும். ஜாக்கெட்ல தண்ணி 5 டிகிரி ஏறி வெளிய வர்ற மாதிரி அந்தச் சூட்ட எடுக்கணும்னா நிமிஷத்துக்கு 43 லிட்டர் ஓடணும், உங்க லைன்ல அவ்ளோ வருதான்னு ஒரு வாளிய வச்சே அளந்துடலாம். ஜாக்கெட்ல உப்புப் படிஞ்சிருந்தா தண்ணி எவ்ளோ ஓடினாலும் சூடு இறங்காது. பூச்சிமருந்துல உருகுநிலை கம்மியா இருக்குற சரக்கு சூடு ஏறுனா மிருதுவாகி உடையாம நசுங்கும். சால்வென்ட் ஓடுற மில்லுல இது உயிர்ப் பிரச்சனை, சூடு தாண்டுனா மில்ல தானா நிறுத்துற டெம்பரேச்சர் ட்ரிப்ப யாரும் பைபாஸ் பண்ண விடாதீங்க.

படி 9: சாம்பிள் எடுத்துப் பாருங்க, கோடு போடுங்க

அரை மணிக்கு ஒண்ணுன்னு எடுக்காம, டன்னுக்கு 20 கிலோவாட் மணி கூடுறப்ப ஒண்ணுன்னு எடுங்க. துகள் சைஸ் அளக்குற லேசர் மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி ரெண்டு சொட்டு டிஸ்பர்சன்ட் விட்டு அல்ட்ராசோனிக் குடுங்க, இல்லன்னா ஒட்டிக்கிட்ட கட்டியத்தான் அது துகள்னு காட்டும். ரெண்டு பக்கமும் லாக் ஸ்கேல் வச்ச தாள்ல எனர்ஜிக்கு எதிரா டி50 (சரக்குல பாதி எந்த சைஸுக்குக் கீழ இருக்கோ அது) போட்டா கிட்டத்தட்ட ஒரு நேர்கோடு இறங்கும். அந்தக் கோட்டுல எவ்ளோ கீழ போறீங்களோ அவ்ளோ விலை, ஒவ்வொரு பாதிக்கும் முந்தின பாதிய விட அதிக கரண்ட் கேக்கும்.

கோடு படுத்துடுச்சுன்னா முதல்ல அதே சாம்பிள அல்ட்ராசோனிக் குடுத்தும் குடுக்காமலும் போட்டுப் பாருங்க. குடுத்தா சைஸ் நல்லா இறங்குதுன்னா அரைச்சது ஒட்டிக்குது, டிஸ்பர்சன்ட் பக்கம் போங்க. குடுத்தும் இறங்கல, டி50 மட்டும் நிக்குதுன்னா அந்த பீட்டோட எல்லை வந்தாச்சு, சின்ன பீட் வேணும். டி50 இறங்குது, டி97 (97 சதவீதம் எந்த சைஸுக்குக் கீழ இருக்கோ அது) மட்டும் நிக்குதுன்னா சுத்து பத்தல, இல்ல டேங்க் மூலைல ஸ்லரி கலங்காம கிடக்கு. ஒரு தடவைக்கு ஒண்ண மட்டும் மாத்துங்க, ரெண்ட சேர்த்து மாத்தி நல்லா வந்தாலும் எதனால வந்துச்சுன்னு தெரியாமப் போயிடும்.

படி 10: லேப்ல இருந்து பெரிய மில்லுக்கு

1 லிட்டர் லேப் மில்லுல செட் பண்ணத 20 லிட்டருக்குக் கொண்டு போறப்ப பீட், ஃபில்லிங், டிப் ஸ்பீடு, ஸ்லரி, டன்னுக்கு எத்தன கிலோவாட் மணி, இந்த அஞ்சையும் அப்படியே வச்சுக்குங்க, ஆர்பிஎம்மும் மணிக்கணக்கும் தானா மாறிக்கும். மாட்டுறது கூலிங்லதான். கொள்ளளவு 20 மடங்கு ஏறுறப்ப சேம்பரோட பரப்பு ஏழு மடங்கு சொச்சம்தான் ஏறும், ஆனா சூடு 20 மடங்கு. லேப்ல சும்மா குழாய்த் தண்ணில ஓடுனது பெரிய மில்லுல சில்லர் (தண்ணிய குளிர வைக்கிற மெஷின்) கேக்கும், அதனால சில்லர் சைஸ முடிவு பண்ணாம மில்லுக்கு ஆர்டர் போடாதீங்க.